பரீட்சை முடியட்டும், பிறகு பார்ப்போம்

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கலை ரசனை பழக்குவது என்றால் அவர்களை ஓவியராக்குவது என்று பொருளல்ல. ஒரு சித்திரத்தின் முன்னாலோ சிலையின் முன்னாலோ பாயின் பின்னலுக்கு முன்னாலோ சற்று நேரம் நின்று பார்ப்பது, கண்டதைச் சொல்வது, சொன்னதற்கு அந்தப் பொருளிலேயே சான்று காட்டுவது ஆகியவற்றுக்குப் பழக்குவதுதான் அது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது இயலும். இதற்குக் குறுக்கே நிற்பது கலைமீது யாருக்கும் உள்ள வெறுப்பு அல்ல. “முதலில் புலமைப்பரிசில், மற்றதெல்லாம் பிறகு” என்ற, பிள்ளையின் நன்மையை நினைத்தே சொல்லப்படும் கருத்துத்தான். பெற்றோர், அதிபர், ரியூசன் ஆசிரியர் மூவரும் ஒரே குரலில் சொல்வதால் அதை யாரும் கேள்விக்கு உட்படுத்துவதில்லை.

அந்தக் கருத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துரைப்பதே முறை. திருகோணமலை மாவட்டத்தில் கந்தளாய் வயலையும் குளத்தையும் நம்பிய ஊர். ஒரு காலத்தில் பலருக்குச் சம்பளம் கொடுத்த சீனித் தொழிற்சாலை மூடிக்கிடக்கிறது. போர்க்காலமும், 1986 ஏப்ரலில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன வெள்ளமும் பெரியவர்களின் நினைவில் இருக்கின்றன. இங்கே ஒரு விவசாயியின் பிள்ளை வசதியுள்ள பாடசாலைக்குப் போக, தகப்பனிடம் பணமோ செல்வாக்கோ இல்லாதபோதும் திறக்கக்கூடிய கதவு தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை ஒன்றே. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு வேரூன்றிய அந்தப் பரீட்சை, கிராமத்துப் பிள்ளைகள் பலரை மத்திய மகா வித்தியாலயங்களுக்கு அனுப்பியிருக்கிறது. அப்படியிருக்க, வாரத்தில் ஒரு பாடவேளையைப் படம் பார்ப்பதற்குக் கொடுப்பது வசதியுள்ள நகரத்தவரின் ஆடம்பரம். ரசனை காத்திருக்கும், வெட்டுப்புள்ளி காத்திருக்காது. இதுவே வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மையிலிருந்து எடுக்கப்படும் முடிவு பிழையானது.

1. “பிறகு” என்பது எப்போது? தரம் ஆறில் அழகியல் கட்டாயப் பாடமாகிறது என்பதுதான் வழக்கமான பதில். சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளை தெரிந்தெடுக்கிறது. சங்கீதத்தையோ நடனத்தையோ எடுத்த பிள்ளைக்குச் சித்திரத்தைப் பார்க்கும் பழக்கம் அத்தோடு முடிந்தது. சித்திரத்தை எடுத்த பிள்ளைக்கு அது வேறு வடிவில் வந்து சேர்கிறது. சீகிரியா, காசியப்பன், ஐந்தாம் நூற்றாண்டு. கல் விகாரை, முதலாம் பராக்கிரமபாகு, பன்னிரண்டாம் நூற்றாண்டு. படத்தைக் காட்டிப் பெயரையும் இடத்தையும் காலத்தையும் கேட்கும் வினாவுக்கு விடை எழுத, படத்தைப் பார்த்திருக்க வேண்டிய தேவையே இல்லை. குறிப்புப் புத்தகம் போதும். அதாவது, ரசனை பழகும் வயதில் பரீட்சை அதைத் தள்ளிவைக்கிறது. தள்ளிவைத்த காலம் முடிந்ததும் ரசனையே பரீட்சையாகித் திரும்பி வருகிறது.

காலமும் இதில் பொருட்டில்லாத விடயமல்ல. சிறுவர் சித்திரங்களை ஆராய்ந்த விக்ரர் லோவன்ஃபெல்ட் 1947இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் கீறல் கடந்துபோகும் படிநிலைகளை வகுத்தார். சுமார் ஒன்பது வயதில் பிள்ளை தன் படத்தைக் கண்முன் உள்ள பொருளோடு ஒப்பிட்டுக் குறைகாணத் தொடங்குகிறது. “எனக்குக் கீறத் தெரியாது” என்ற பேச்சு வகுப்பில் கேட்கத் தொடங்குவதும் அந்த வயதில்தான். அதற்கு முன்னர் எந்தப் படத்தின் முன்னாலும் கூச்சமில்லாமல் வாய் திறக்கும் பிள்ளை, அதற்குப் பிறகு சரியான விடை எதுவென்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்கிறது. நமது நாட்டில் அந்த வயதை ஒட்டிய இரண்டு வருடமும் மாதிரி வினாத்தாள் கட்டுகளுக்குள் கழிகின்றன. இழந்ததைப் பதின்மூன்று வயதில் மீட்கலாம் என்பது எழுத்தறிவுக்கும் சொல்லப்படாத, நீச்சலுக்கும் சொல்லப்படாத ஒரு தளர்ந்த நம்பிக்கை.

இன்னொன்றும் உண்டு. பரீட்சைக்குத் தோற்றும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியை எட்டுவதில்லை. இது பரீட்சையின் குறையல்ல, ஒரு சிலரைத் தெரிவதுதான் அதன் வேலை. ஆனால் எல்லோரிடமிருந்தும் பறித்துச் சிலருக்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டில், பறிகொடுத்தோருக்கு மிஞ்சியது என்ன என்ற கணக்கை எந்த அதிபரும் பெற்றோர் கூட்டத்தில் வாசிப்பதில்லை.

2. கலை திறமையுள்ள பிள்ளைக்கு மட்டுந்தானா? கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்பவர்களை வாசிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. சித்திரத்தில் மட்டும் கீறத் தெரிந்தவனே பார்க்கத் தகுதியுள்ளவன் என்ற விநோதமான சட்டம் நிலவுகிறது. இதை வளர்ப்பது சித்திரப் போட்டி. ஒரு பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. மற்ற முப்பது பிள்ளைகளும் சித்திரம் தமக்குரியதல்ல என்ற பாடத்தைக் கற்றுக்கொள்கிறார்கள்.

போட்டிக்கு வரும் படங்களைக் கவனித்தால் நோயின் தன்மை தெரியும். “எமது கிராமம்” என்று தலைப்புக் கொடுத்தால் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் அரைவட்டச் சூரியன், அதிலிருந்து அளவுகோல் வைத்த கதிர்கள், மலையடியிலிருந்து வளைந்து வளைந்து வரும் ஆறு, ஓட்டு வீடு ஒன்று, சாய்ந்த தென்னை ஒன்று, ஆங்கில எழுத்து ‘வி’ போல நாலு பறவைகள். கந்தளாய்ப் பிள்ளை பாடசாலைக்குப் போகும் வழியில் காண்பது இதுவல்ல. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட குளம் ஒன்றின் கட்டு அங்கே கிடக்கிறது. அதன் உட்பக்கம் அலை அரிக்காமல் அடுக்கிய கற்கள், தண்ணீர் வற்றும் மாதங்களில் வெளியே தெரியும் பட்டமரங்கள், கரையோரம் எருமைகள், எருமை முதுகில் கொக்கு, வாய்க்காலுக்கு அப்பால் வயல். இவற்றில் ஒன்றுகூடப் படத்தில் இல்லை. பிள்ளை சோம்பலால் இப்படிக் கீறவில்லை. பரிசு பெற்ற படம் எப்படியிருக்கும் என்று நன்றாகக் கற்றதால் கீறுகிறது. பார்க்கப் பழக்காமல் கீறப் பழக்கினால் கிடைப்பது இதுதான்.

இலங்கையில் இந்தச் சண்டை புதிதல்ல. 1920இல் சித்திரப் பாடப் பரிசோதகராக வந்த சார்ள்ஸ் ஃபிறீகுறோவ் வின்சர், மாதிரிப் படத்தைப் பார்த்துப் பிரதிபண்ணும் முறையிலிருந்து பாடசாலைச் சித்திரத்தை விடுவிக்க முயன்றார். அவருடைய பெயரிலேயே யாழ்ப்பாணத்தில் எஸ். ஆர். கனகசபை 1938இல் ஓவியக் கழகம் ஒன்றை நிறுவினார். வியன்னாவில் ஃபிரான்ஸ் சிஷெக் 1897இலேயே சிறுவருக்கான சித்திர வகுப்பைத் தொடங்கி, பெரியவர்களின் மாதிரியைப் பிள்ளைமேல் சுமத்தாமல் நடத்திக் காட்டியிருந்தார். நூறு வருடத்துக்கு முன்னர் வாசலால் துரத்தப்பட்ட பிரதிபண்ணல், போட்டி என்ற யன்னலால் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறது.

3. நூதனசாலை இல்லாத ஊரில் எதைப் பார்ப்பது? இந்த ஆட்சேபம் கொழும்பிலிருந்து வந்தால் அறியாமை, கந்தளாயிலிருந்தே வந்தால் வருத்தம். ஏ6 வீதியில் ஒரு பக்கம் போனால் திருகோணமலை, மறுபக்கம் போனால் ஹபரணை, அங்கிருந்து கிளை பிரிந்தால் சீகிரியாவும் பொலன்னறுவையும். பாடசாலைச் சுற்றுலா வருடாவருடம் இந்த வழிகளில் போகத்தான் செய்கிறது. பஸ் காசும் சோற்றுப் பார்சலும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. செலவாகாதது பார்ப்பதற்கான நேரம் மட்டுமே.

பொலன்னறுவைக் கல் விகாரையை எடுத்துக்கொள்வோம். ஒரே பாறையில் வெட்டிய உருவங்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து, வழிகாட்டியிடம் அரசன் பெயரைக் கேட்டுக் கொப்பியில் எழுதி, வரிசையாகத் திரும்புகிறார்கள். (புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படமெடுக்கக்கூடாது என்று காவலர் சத்தம் போடுவார். முகத்தைச் சிலைப் பக்கம் திருப்பச் சொல்லி அன்று அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே கலைப்பாடம் அது.) பத்து நிமிடம் நின்றால் என்ன தெரியும்? சயனித்த உருவம் சுமார் 14 மீற்றர் நீளம். தலைக்குக் கீழே உருளைத் தலையணை. தலை அழுத்துகிற இடத்தில் தலையணை சற்றுப் பதிந்திருக்கிறது. கருங்கல் பஞ்சுபோல அமுங்குமா என்று ஏழு வயதுப் பிள்ளை கேட்கும். கேட்ட அந்தக் கணத்தில் சிற்பி என்ன செய்தார் என்பது அதற்குப் புரியத் தொடங்கிவிட்டது. பாதங்களுக்குப் போனால் இரண்டு பாதமும் ஒன்றோடொன்று நேராக அடுக்கப்படவில்லை, மேல் பாதம் சற்றே பின்வாங்கியிருக்கிறது. தூங்குபவரின் கால் அல்ல, பரிநிர்வாணம் அடைந்தவரின் கால் என்று மரபு விளக்கும். ஆனால் விளக்கத்தை முதலில் சொல்லிவிட்டால் பாதத்தைப் பார்ப்பவர் யாருமில்லை. வித்தியாசத்தைப் பிள்ளை கண்டுபிடித்த பிறகு சொன்னால் அது வாழ்நாளில் மறக்காது.

பக்கத்தில் சுமார் 7 மீற்றர் உயரத்தில் கைகளை மார்பில் மடித்து நிற்கும் உருவம். அது புத்தரா, குருவைப் பிரியும் துயரத்தில் நிற்கும் ஆனந்த தேரரா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போகவில்லை. ஆசிரியருக்கு இதைவிட நல்வாய்ப்பு ஏது? வகுப்பை இரண்டாகப் பிரித்து, முகத்தையும் கைகளையும் நிற்கும் இடத்தையும் மட்டும் சான்றாக வைத்து வாதாட விடலாம். எந்தப் பக்கம் வென்றாலும் பிழையில்லாத வாதம் பாடசாலையில் அபூர்வம்.

பொலன்னறுவை வரை போகவும் வேண்டியதில்லை. திருகோணமலைக் கோட்டையின் வாசல் கல்லில் செதுக்கிய மீன்கள் இருக்கின்றன. கிழக்கில் பெண்கள் பின்னும் பன் பாய் வீட்டிலேயே இருக்கிறது. சிவப்பும் பச்சையும் ஏற்றிய கோடுகள் எங்கே திரும்புகின்றன, ஓரத்துக்கு வந்ததும் பின்னியவர் அந்தக் கோலத்தை எப்படி முடித்தார், எங்கே ஒரு இழை தவறியது என்று கண்டுபிடிப்பது எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு மணிநேர வேலை. வெசாக் காலத்தில் தெருவெல்லாம் கூடுகள் தொங்குகின்றன. கல்யாண வீட்டு வாசலில் குருத்தோலைத் தோரணம் ஆடுகிறது. நூதனசாலை இல்லை என்பது பார்க்க எதுவுமில்லை என்பதற்குச் சமமல்ல.

4. மதம் குறுக்கிடாதா? இது எள்ளி நகையாட வேண்டிய ஆட்சேபமல்ல. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் பிரதேசத்தில், கோயில் திருமேனியையோ விகாரைச் சிலையையோ வகுப்பில் படமாக வைத்து ஆராய்வது வழிபாட்டை அவமதிப்பதாகத் தோன்றலாம். உருவப் படங்களைக் குறித்து முஸ்லிம் பெற்றோருக்குத் தயக்கம் இருக்கலாம். ஆனால் கலை ரசனை உருவத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. பாயின் வடிவக்கணிதம், பள்ளிவாசலின் எழுத்தணி, மண்பானையின் வளைவு, குளக்கட்டின் கல்லடுக்கு இவற்றில் தொடங்கி இவற்றிலேயே ஒரு வருடத்தை முடிக்கலாம். வழிபடுவோரைப் பொறுத்தவரை, கூர்ந்து பார்ப்பது பக்திக்கு ஒருபோதும் பகையாக இருந்ததில்லை. சிற்பிகள் அத்தனை நுணுக்கத்தையும் யாரும் பாராமல் போவதற்காகவா செதுக்கினார்கள்?

பிரித்து வைப்பதால் சமாதானம் காக்கப்படுகிறது என்ற எண்ணம் இந்த மாவட்டத்தின் கற்களோடேயே முரண்படுகிறது. திருகோணமலைக்கு வடமேற்கே வெல்கம் விகாரை ஒரு பௌத்தப் பள்ளி. சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற அதற்குக் கொடுத்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. கந்தளாய்ப் பக்கத்துப் பாலமோட்டைக் கல்வெட்டோ, சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவின் ஆட்சியாண்டைக் குறித்து, அவன் பெயரைத் தாங்கிய சிவன் கோயிலுக்குத் தமிழில் அறம் எழுதிவைத்திருக்கிறது. மொழிவாரியாகப் பிரிந்த பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகள் இரண்டாம் மொழியில் ஒரு வசனம் பேசத் தடுமாறும் வயதில், ஒரே வெசாக் கூட்டையோ ஒரே பாயையோ சுற்றி நின்று விரலால் சுட்டிப் பேசிக்கொள்ள முடியும். கல்வி வலயம் ஒன்றாக இருந்தும் இந்தச் சின்ன வசதியை யாரும் பயன்படுத்தாதது கல்வியின் குறையே.

5. ஆசிரியருக்கே கலை தெரியாதே? ஆரம்பப் பிரிவில் ஒரே வகுப்பாசிரியர்தான் எல்லாம். சித்திரம் படித்தவர் அல்லர், உண்மை. ஆனால் ரசனைப் பாடத்தில் ஆசிரியர் விரிவுரையாளராக இருக்க வேண்டும் என்ற அனுமானமே பிழை. அமெரிக்காவில் அபிகேய்ல் ஹவுசன் என்ற ஆய்வாளரும் நூதனசாலைக் கல்வியாளர் ஃபிலிப் யெனவைனும் உருவாக்கிய முறை மூன்று கேள்விகளில் நடக்கிறது. படத்தில் என்ன நடக்கிறது, எதைக் கண்டு அப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் என்ன தெரிகிறது. ஆசிரியர் விடை சொல்வதில்லை. பிள்ளை சொன்ன இடத்தை விரலால் காட்டுகிறார், சொன்னதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்கிறார், அடுத்த பிள்ளையிடம் போகிறார். கடினமானது வேறொன்று: பிழையாகச் சொன்ன பிள்ளையை உடனே திருத்தாமல் வாயை மூடிக்கொண்டிருப்பது. பல வருடம் சரி, பிழை போட்டுப் பழகிய கைக்கு அது பயிற்சி வேண்டிய விடயம். ஆனால் அந்தப் பயிற்சிக்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை.

6. கணித அறிவு கூடுமா? இந்தக் கேள்வி எதிராளிகளிடமிருந்து அல்ல, நண்பர்களிடமிருந்து வருகிறது. அதனாலேயே அதிகம் தீங்கானது. கலையைக் காப்பாற்ற நினைப்போர், படம் பார்த்தால் மூளை வளரும், மற்றப் பாடங்களில் புள்ளி ஏறும் என்று விளம்பரம் செய்கிறார்கள். எலன் வின்னரும் லோயிஸ் ஹெட்லண்டும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2000இல் வெளியிட்ட முடிவு இந்த விளம்பரத்துக்குப் பெரிதாக ஆதரவு தரவில்லை. கலை கற்பதே மற்றப் பாடங்களின் புள்ளியை உயர்த்துகிறது என்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. புள்ளிக்காகக் கலையை உள்ளே கொண்டுவந்தவர்கள், புள்ளி ஏறாதபோது அதை வெளியே அனுப்பவும் உரிமை கொடுத்துவிட்டார்கள். கணிதத்துக்குக் கணிதம் படிப்பதே நேர்வழி.

கலை தருவதை அது தரும் இடத்தில்தான் அளக்க வேண்டும். அமெரிக்காவின் ஆர்கன்சோ மாநிலத்தில் 2011இல் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் நூதனசாலை திறந்தபோது, பார்க்கவர விண்ணப்பித்த பாடசாலைகள் இடத்துக்கு மிஞ்சிவிட்டன. குலுக்கலில் முதலில் வாய்ப்புப் பெற்றவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 11,000 மாணவரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அரைநாள் வருகைதான். ஆனாலும் போய்வந்த மாணவர், முன்னர் காணாத ஓவியம் ஒன்றைப் பற்றி எழுதும்போது கூடுதலாகக் கவனித்தார்கள், கூடுதலாகக் காரணம் காட்டினார்கள். இந்தப் பயன் அதிகம் தெரிந்தது எங்கே? நாட்டுப்புறப் பாடசாலைகளிலும் வறிய பாடசாலைகளிலும். ரசனை நகரத்துப் பணக்காரரின் ஆடம்பரம் என்ற வாதத்தை இந்த ஒரு முடிவு தலைகீழாக்குகிறது. வசதியுள்ள பிள்ளைக்கு வீட்டில் புத்தகமும் விடுமுறையில் பயணமும் உண்டு. பாடசாலை காட்டாவிட்டால் வேறு யாரும் காட்டாத பிள்ளைதான் கந்தளாயில் அதிகம்.

7. நேரம் எங்கே? வாரத்துக்குக் கால்மணி நேரம், பாடசாலை நடக்கும் சுமார் நாற்பது வாரம், வருடத்துக்குப் பத்து மணித்தியாலம். ஒரு படம் அல்லது ஒரு பொருள், அதைச் சுற்றிப் பிள்ளைகள், மூன்று கேள்வி. இதனால் ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளியைத் தவறவிடும் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது. தரம் ஐந்தில் ஒரு மாதம் பின்னேர ரியூசனுக்குப் போகும் நேரம் இதைவிடக் கூட.

8. புள்ளி இல்லாவிட்டால் யார் செய்வார்கள்? கடைசியாக எழும் ஆட்சேபம் இது. இதற்கு விடையாக ரசனையையும் பரீட்சையில் சேர்க்கலாம் என்பது சிலருடைய யோசனை. முதல் மறுப்பில் சொன்ன நோயையே மருந்தாகக் கொடுப்பது அது. புள்ளி போட்ட மறுநாள் “கல் விகாரைத் தலையணை ஏன் பதிந்துள்ளது?” என்ற வினாவுக்கு நாலு விடை தந்து சரியானதன் கீழ்க் கோடிடச் சொல்லும் கையேடு கடைக்கு வந்துவிடும்.

பரீட்சைப் புள்ளி இல்லாத காரியத்தைப் பாடசாலை செய்யாது என்பதும் உண்மையல்ல. இல்ல விளையாட்டுப் போட்டி வரும்போது தென்னோலையும் கம்பும் கடதாசியும் கொண்டு இல்லங்களை அலங்கரிக்கப் பிள்ளைகள் நாட்கணக்கில் மினக்கெடுகிறார்கள். எந்த நிறத்தை எங்கே வைப்பது, வாசலை உயர்த்துவதா அகலமாக்குவதா என்று சண்டை பிடிக்கிறார்கள். பக்கத்து இல்லம் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்த்து, அதில் எது நன்றாயிருக்கிறது, எது சரியில்லை, ஏன் என்று காரணத்தோடு பேசுகிறார்கள். பெற்றோரும் வந்து உதவுகிறார்கள். அந்த வாரம் ரியூசன் தவறியதற்காக யாரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை.